அறுபது தாண்டியவர்களுக்கான பரிசோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தம் எடுக்கும் மேசையில் 27 வருடம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் யாரும் விடுவதாக இல்லை. கல்யாணப் பந்தியில் இலை போடும் முன்பே பக்கத்தில் இருப்பவர் கைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டிவிடுகிறார். வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான்.

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, நல்லாத்தானே இருக்கேன். எதுக்கு டெஸ்ட் எடுக்கணும்?"

நன்றாக இருக்கும்போது எடுப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனைகளே. ரத்த அழுத்தம் 170 இருந்தாலும் பலருக்குத் தலைகூட வலிக்காது. சர்க்கரை ஏற ஆரம்பித்துப் பல வருடம் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. கண் நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையை மெதுவாகத் தின்னும். நேர்ப்பார்வை தெளிவாக இருப்பதால் ஆளுக்குத் தெரியவே தெரியாது.

ஏற்கெனவே ஒரு தொந்தரவு இருந்தால் கதை வேறு. நெஞ்சு அடைக்கிறது, மலத்தில் ரத்தம் போகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் "அடுத்த மாசம் செக்கப்ல பார்த்துக்கலாம்" என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"அறுபது ஆயிடுச்சு. வருஷா வருஷம் என்னதான் பார்க்கணும், சுருக்கமா சொல்லுங்க."

ரத்த அழுத்தம், எடை. சர்க்கரை. ரத்த அணுக்கள் எண்ணிக்கை. அதில்தான் ரத்தசோகை தெரியும். சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கூடவே சிறுநீரில் புரதம். கொழுப்பும் பார்க்க வேண்டும்; அதற்கு மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு ஒரு முறை சரியாக இருந்தால் வருடா வருடம் தேவைப்படாது. ரத்தத்தில் பார்க்க வேண்டியது பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆளைப் பொறுத்தது. பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அவர்கள் டாக்டரிடம் அதைக் கேட்கலாம்.

ரத்தம் எடுக்காமல் பார்க்க வேண்டியது இன்னொரு பாதி: கண், காது, பல், வாய், பாதம், நடை, ஞாபகம். இந்தப் பாதியை யாரும் கேட்டு வருவதில்லை. என் அனுபவத்தில் வயதானவர்களை வீட்டோடு முடக்கிப் போடுவது பெரும்பாலும் இந்தப் பாதிதான். போகிற கையோடு தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். ஃப்ளூ ஊசி வருடத்துக்கு ஒரு முறை, நிமோனியா ஊசியை எப்போது போடலாம் என்று டாக்டர் சொல்வார்.

"999 ரூபாய்க்கு 80 டெஸ்ட்னு போட்டிருக்கான். லாபம்தானே?"

80 என்பது எண்ணும் விதத்தில் வருவது. ரத்த அணுக்கள் பரிசோதனை ஒன்றையே இருபது வரியாக எழுதி இருபது டெஸ்ட் என்பார்கள். கொழுப்பில் நாலு அளவுகளை அளந்து, அவற்றை ஒன்றால் ஒன்றை வகுத்து இன்னும் நாலு வரி சேர்ப்பார்கள். வகுத்தல் கணக்குக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

காசைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போடும் எல்லை பொதுவாக ஆரோக்கியமான 100 பேரில் 95 பேரின் அளவு அடங்கும்படி வகுக்கப்படுகிறது. அதாவது நோயே இல்லாத 5 பேர் வெளியே நிற்பார்கள். ஒருவருக்கே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்ட வாய்ப்பு 64 சதவீதம். 80 எடுத்தால் தடித்த எழுத்தில் ஒன்றும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த ஒரு வரியைப் பார்த்து ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலையில் லேப் திறக்கும் முன் வாசலில் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த முடிவு வந்தால் எனக்கு என்ன மாறும்? மாத்திரை மாறுமா, சாப்பாடு மாறுமா, அடுத்த டெஸ்ட் வேண்டியிருக்குமா? ஒன்றும் மாறாது என்றால் அந்த டெஸ்ட் வேண்டாம். பேக்கேஜில் சிஏ 125, சிஇஏ என்று புற்றுநோய்க் குறியீடுகளைச் சேர்த்திருந்தால் அதற்காக மயங்க வேண்டாம். அவை ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அதிகம் உதவும்.

"வெறும் வயித்துலன்னா தண்ணிகூடக் குடிக்கக் கூடாதா? மாத்திரை?"

தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்தால் நரம்பும் எளிதில் கிடைக்கும். காபி, டீ கூடாது, சர்க்கரை போடாத கடுங்காப்பியும் சேர்த்துத்தான். 8 முதல் 12 மணி நேரம் போதும். முந்தின நாள் மாலை 5 மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டு, காலை 9 மணிக்கு வரிசையில் நின்று மயங்கி விழுந்தவரை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

பிரஷர் மாத்திரையை வழக்கமான நேரத்தில் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை, சாப்பாட்டு நேரத்து இன்சுலின் இரண்டையும் அன்று வெறும் வயிற்றில் போட வேண்டாம். ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டோடு. தைராய்டு பார்க்கிறீர்கள் என்றால் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு. முடி கொட்டுவதற்கு பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவையே அது புரட்டிப் போடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், ஊசி குத்திய இடத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் பார்க்கணும்னு சொன்னீங்க. என்ன சாப்பிட்டா நல்லது?"

'நல்லது' என்றால் ரிப்போர்ட் நன்றாக வருவதற்கு என்ற அர்த்தத்தில்தான் இதைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். தினமும் நாலு இட்லி சாப்பிடுகிறவர் டெஸ்ட் அன்று மட்டும் ஒன்றரை இட்லி, சட்னி இல்லாமல் சாப்பிட்டுவிட்டு வருவார். அளவு 140 வரும், சந்தோஷமாகப் போவார். ஏமாந்தது நானா அவரா?

தினமும் சாப்பிடுவதையே, தினமும் சாப்பிடும் அளவில் சாப்பிடுங்கள். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு, கை கழுவியதிலிருந்து இல்லை. நடுவில் வடை, டீ கூடாது. காத்திருக்கும் நேரத்தில் மூச்சு வாங்க நடந்து சர்க்கரையை எரிக்கவும் வேண்டாம்.

"மூணு மாச சுகர் 7.4 வந்திருக்கு. அப்பாவுக்கு 79. டயட்டை இன்னும் டைட் பண்ணணுமா?"

மேலே சொன்ன ஒன்றரை இட்லி வித்தை எடுபடாத டெஸ்ட் இது. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும் என்பதால் இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு.

ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் எண்ணும், எட்ட வேண்டிய எண்ணும் வேறு வேறு. 79 வயதில் கூடவே இதயம், சிறுநீரகத் தொல்லைகளும் இருப்பவருக்கு 8-க்குள் இருந்தாலே பல டாக்டர்கள் திருப்தி அடைவார்கள். காரணம், அந்த வயதில் சர்க்கரை சற்று கூடுவதைவிடத் திடீரென்று தாழ்வது ஆபத்து. ராத்திரி தாழ்ந்து, பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர் தட்டிலிருந்து நீங்களாகச் சோற்றைக் குறைத்து, மாத்திரையை மட்டும் அப்படியே கொடுத்தால் நடப்பது அதுதான். இன்னொன்று: இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் இந்த அளவு பொய்யாக ஏறலாம், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் நம்பவே முடியாது. அணுக்கள் எண்ணிக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

"டாக்டர் முன்னாடி உக்காந்தா பிரஷர் 160. வீட்ல 130. எது நிஜம்?"

இரண்டும் நிஜமாக இருக்கலாம். டாக்டரைப் பார்த்ததும் ஏறுவது பரவலாக நடப்பதுதான். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதிய தாள், டாக்டர் முன் எடுத்த ஒரே ஒரு அளவைவிடப் பயன்படும். டாக்டரிடம் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85.

எடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். பேருந்திலிருந்து இறங்கி மாடி ஏறி வந்த மூச்சோடு எடுத்தால் யாருக்கும் ஏறத்தான் செய்யும். 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். பேசாதீர்கள். பெண்களுக்கு ஒரு வார்த்தை: இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே பட்டையைக் கட்டினால் அளவு தப்பும். தொளதொளப்பான கை உள்ளதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

"கிரியாட்டினின் 1.1, நார்மல்னு போட்டிருக்கு. அப்ப கிட்னி நல்லாருக்குல்ல?"

யாருக்கு 1.1 என்று கேட்க வேண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 30 வயது ஆணுக்கு 1.1 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம், அதாவது இஜிஎஃப்ஆர், 90-க்கு மேல் வரும். அதே 1.1, 75 வயதுப் பெண்மணிக்கு வந்தால் கணக்கு 52 பக்கம் நிற்கும். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரகக் குறைபாடு. ஆனால் ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் ஒரே 'நார்மல்'. தசை வற்றிய ஒல்லியான பாட்டிகளிடம் இந்த எண் ரொம்பவே ஏமாற்றும்.

பல லேப்களில் இஜிஎஃப்ஆரையும் அச்சிட்டே கொடுக்கிறார்கள், இல்லையென்றால் கேளுங்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்ப்பது அதற்கு ஜோடி. சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் விடக் கூடாது. இஜிஎஃப்ஆர் குறைவாக இருப்பது தெரிந்தால் முதலில் நிறுத்த வேண்டியது, மூட்டு வலிக்கு நீங்களாகக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை.

"போன வாரம் ஒரு லேப்ல பொட்டாசியம் 5.8, இந்த வாரம் இன்னொரு லேப்ல 4.6. யாரு தப்பு?"

சில சமயம் யாரும் இல்லை. எடுக்கும் நேரம், சாப்பாடு, எந்திரம் எல்லாம் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். பொட்டாசியத்தில் மட்டும் எங்கள் ஆட்கள் பக்கம் தப்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நரம்பு கிடைக்கவில்லை என்று கையை இறுக்கி இறுக்கி மூடித் திறக்கச் சொன்னாலோ, ரத்தத்தை வேகமாக இழுத்து அணுக்கள் உடைந்தாலோ அளவு பொய்யாக ஏறும். நானே புதிதில் இப்படி ஒரு பெரியவரை இரண்டாம் முறை வரவழைத்து, அவர் வீட்டுக்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எதிர்பாராத முடிவு வந்தால் பயப்படும் முன் ஒரு முறை திரும்ப எடுங்கள். வருடாந்திரப் பரிசோதனையை முடிந்தவரை ஒரே லேபில் வைத்துக்கொள்ளுங்கள், போன வருட ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். கிரியாட்டினின் 0.8, 0.9, 1.1 என்று மூன்று வருடமாக நகர்ந்திருப்பதை ஒற்றைத் தாள் காட்டாது.

"அம்மாவுக்கு 68. கேன்சர் டெஸ்ட் எதுவும் எடுக்கணுமா? அந்த வயசுக்கு மேல வராதுன்றாங்களே."

வராது என்பது தப்பு. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு வயதோடு கூடுகிறது. 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு மேமோகிராம் என்பது பல நாடுகளில் வழக்கம். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் கையால் தொட்டுப் பார்ப்பார். கருப்பை வாய்க்கு 30 முதல் 65 வயது வரை அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள். அசிட்டிக் அமிலம் தடவி வெள்ளையாகிறதா என்று பார்ப்பார்கள், சில நிமிட வேலை. 65 வரை ஒழுங்காகப் பார்த்து எல்லாம் சரியாக இருந்தவருக்கு அதற்குப் பிறகு பொதுவாகத் தேவையில்லை. வாழ்நாளில் ஒரு முறைகூடப் பார்க்காதவர் என்றால் 68-இலும் டாக்டரிடம் கேட்கலாம். மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் யாரும் கேட்காத இடம் வாய். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிகள், பீடி குடித்த தாத்தாக்கள் எல்லோரும் பல் செட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து வாயைக் காட்ட வேண்டும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆறாத புண், முன்போல் வாய் திறக்க முடியாமை: இந்த நாலில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போங்கள்.

"முகாம்ல பிஎஸ்ஏ பார்த்தாங்க, 5.2. எனக்கு 76. கேன்சரா மேடம்?"

இதைக் கேட்டவர் குரல் நடுங்கியது, அதனால் முதல் பதில்: பெரும்பாலும் இருக்காது. பிஎஸ்ஏ என்பது ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம்; அதற்கு 4 என்பது லேப்கள் போடும் பொதுவான கோடு. வயதானால் புராஸ்டேட் வீங்கும், அதற்கே அளவு ஏறும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும், அண்மையில் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தாலும் ஏறும். சிறுநீர் சிறப்பு டாக்டரிடம் காட்டுங்கள்; தொற்று இருக்கிறதா என்று பார்த்து, சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்.

தொந்தரவு ஏதும் இல்லாத 70 வயது தாண்டிய ஆண்களுக்கு வழக்கமாக இதை எடுக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த வயதில் வரும் புராஸ்டேட் புற்றுநோய் பல சமயம் அவ்வளவு மெதுவாக வளர்கிறது; தேடிப் போய் சதை எடுத்து, சிகிச்சை கொடுத்து, சிறுநீர் கட்டுப்படாமல் போவதுதான் மிச்சம் என்று ஆகலாம். முகாமில் கேட்காமலே எடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

"குதிகாலை மிஷின்ல வெச்சுப் பார்த்து எலும்பு தேஞ்சிருக்குன்னாங்க."

குதிகால் மிஷின் ஒரு குறிப்புதான் தரும். உறுதி செய்ய, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும்; 65 தாண்டிய பெண்களுக்கு ஒரு முறை எடுப்பது நல்லது. அதில் வரும் டி ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்ட எண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. நின்ற இடத்தில் விழுந்தே மணிக்கட்டு உடைந்தவர் என்றால் அந்த முறிவே ஒரு ரிப்போர்ட்தான். முகாம் வாசலிலேயே விற்கும் கால்சியம் டப்பாவை வாங்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.

"அப்பா கொஞ்சம் தடுமாறுறார், சொன்னது மறந்துபோகுது. எந்த ஸ்கேன் எடுக்கலாம்?"

ஸ்கேனுக்கு முன்னால் ஒரு நாற்காலி போடுங்கள். 3 மீட்டர் அளந்து தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு. அவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று அர்த்தம். எண்ணைவிட, எழும்போது கைப்பிடியை எப்படி ஊன்றுகிறார், திரும்பும்போது எத்தனை சின்னச் சின்ன அடி வைக்கிறார் என்பதைப் பாருங்கள். அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம் பிரஷரைப் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் தடுமாற்றத்துக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட்டுக்குத் தரும் சில மாத்திரைகள் இப்படிச் செய்யும். வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். சித்த மருந்து, கடையில் வாங்கியது எல்லாம் சேர்த்து.

மறதிக்கு பி12, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை நாலும் காரணமாகலாம். நாலுக்கும் வழி இருக்கிறது. சொன்னது காதில் விழாமலே போனதை மறதி என்று வீட்டில் முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும்.

"இதெல்லாம் எங்க பார்க்கறது? காசு எவ்வளவு ஆகும்?"

சர்க்கரை, பிரஷர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இவை இரண்டையும் பார்த்தார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். சென்னைக்காரர்களுக்கு கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. வாயில் நுழையாத டெஸ்ட் பேரோடு வந்தாலும் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் தரும் 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் அட்டையைக் காட்டி "செக்கப் பண்ணுங்க" என்று பலர் கேட்கிறார்கள். அது மருத்துவமனையில் படுத்துப் பார்க்கும் சிகிச்சைக்கு. வெளி நோயாளியாகப் போய் எடுக்கும் வருடாந்திரப் பரிசோதனைக்கு ஆகாது.

"அம்மா வரவே மாட்டேங்கறாங்க. 'ஏதாவது இருக்குன்னு சொல்லிடுவாங்க'ன்னு பயம்."

பயம் ஊசியைப் பற்றியதே இல்லை. பிள்ளைக்குச் செலவு வைத்துவிடுவோமோ என்பதுதான் பாதிப் பேருக்கு. பேக்கேஜ் என்று ஆரம்பிக்காதீர்கள். கண்ணில் ஆரம்பியுங்கள். "ஊசிக்கு நூல் கோக்க முடியலைன்னியே, கண்ணைக் காட்டிட்டு வரலாம்" என்றால் கிளம்பிவிடுவார்கள். கண் டாக்டர் கண்புரை, கண் அழுத்தம், விழித்திரை மூன்றையும் பார்த்துவிடுவார். பிரஷரும் சர்க்கரையும் பெரும்பாலும் அங்கேயே பார்க்கப்படும். சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரை வருடா வருடம், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

"பாட்டிக்கு 88. முழு செக்கப் பண்ணி வெச்சுடலாமான்னு வீட்ல எல்லாரும் கேக்கறாங்க."

மூன்றாவது கேள்வியில் சொன்ன 'இந்த முடிவு வந்தால் என்ன மாறும்?' என்பதை இங்கே இன்னும் கறாராகக் கேளுங்கள். குடலிலோ மார்பிலோ ஒரு சின்னக் கட்டி தெரிந்தால் அறுவை சிகிச்சைக்குப் போவீர்களா? பாட்டி போவாரா? இல்லை என்றால் தேடுவது எதற்கு? இந்த டெஸ்ட்கள் பலவற்றின் பலன் கைக்கு வர ஏழெட்டு வருடம், சிலதுக்குப் பத்து வருடம்கூட ஆகும். தொல்லை உடனே வரும். முடிவை எடுக்கும்போது பாட்டியையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள், அவர் இல்லாத அறையில் வைத்துப் பேசாதீர்கள்.

அதற்காக ஒன்றுமே பார்க்க வேண்டாம் என்று இல்லை. எங்கள் தெருவில் இதே வயதில் ஒரு பாட்டிக்குப் பார்த்தது: நின்றபடி பிரஷர், ரத்தசோகை, மாத்திரைப் பை, கால் நகம், பல் செட், காது. மாத்திரையில் இரண்டு குறைந்தது. இரண்டு காதிலும் அழுக்கு கட்டியாக அடைத்திருந்தது, அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை பாட்டி மருமகளைக் கூப்பிட்டுச் சொன்ன முதல் விஷயம், "ஏண்டி, டிவியை இப்படியா அலற விடுவே?"